யாருக்குப் பதில் சொல்லும் மருந்து? தோட்டத்து வைத்தியர்களின் வேலை ஊக்கம் பற்றி

மலையகத்தில் சுகாதாரச் சேவை பற்றிப் பேச்சு எடுத்தால், எங்கே தொடங்கினாலும் ஒரே வசனத்தில்தான் வந்து நிற்கும். "கட்டடம் இருக்கு, ஆளும் இருக்காங்க, ஆனா மனசு வச்சு வேலை செய்றதில்ல." தோட்டத்து டிஸ்பென்சரி பற்றியும் இதைத்தான் சொல்கிறோம், டவுன் ஆஸ்பத்திரி பற்றியும் இதைத்தான். பிரதேச சபையின் ஆயுர்வேத மருந்தகம் பக்கத்தில் எங்காவது இருந்தால் அதற்கும் இதே தீர்ப்புதான். மனசு என்ற ஒற்றைச் சொல்லில் நூற்றைம்பது வருசக் கதையை முடித்துவிடுகிறோம்.

முகாமைத்துவம் படிக்கிற நண்பர்களிடம் கேட்டால் ஹேர்ஸ்பேர்க்கின் பெயரைச் சொல்வார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, 1959இல் அவரும் கூட்டாளிகளும் ஒரு புத்தகம் எழுதினார்கள். சம்பளம், மேலதிகாரி, வேலைச் சூழல் போன்றவை கெட்டுப்போனால் மனிதர் வெறுத்துப் போவார். ஆனால் அவை சரியாக இருப்பதால் மட்டும் ஊக்கம் வந்துவிடாது. சாதித்தோம் என்ற உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவைதான் உண்மையான ஊக்கத்தைத் தரும். இதுதான் சுருக்கம். முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் சுகாதாரக் காரணிகள். வடிகான் சுத்தமாக இருந்தால் நோய் வராது, ஆனால் வடிகான் யாருக்கும் பலம் கொடுக்காது என்ற மாதிரி. இந்தக் கோட்பாட்டை வைத்துக்கொண்டு உலகம் முழுக்கச் சுகாதார ஊழியர்களிடம் கேள்விக்கொத்து நிரப்புகிறார்கள். தாய்லாந்தில் அரச சேவைக்குள் பாரம்பரிய வைத்தியம் செய்யும் உத்தியோகத்தர்களின் ஊக்கம் எப்படி இருக்கிறது என்று ஆராய்கிறார்கள். நம் நாட்டிலும் இப்படிப்பட்ட கேள்விகள் கேட்கப்படுகின்றன.

கோட்பாடு பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பிட்ஸ்பர்க் கணக்காளருக்குத் தான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் குழப்பம் இருந்திருக்காது. தோட்டத்தில் மருந்து கொடுத்தவருக்கு அந்தக் குழப்பம்தான் வேலையே. நோயாளிக்குப் பதில் சொல்வதா, தொரைக்கா, திணைக்களத்துக்கா? டிக்கோயாவையும் சுற்றியுள்ள மலைகளையும் வைத்து இந்தக் கேள்வியின் வரலாற்றைப் பார்க்கலாம் என்று நினைத்தோம்.

லயத்தில் இருந்த வைத்தியம்

கோப்பிக் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்டால் சட்டி பானை, சாமி, பாட்டு என்று அடுக்குவோம். மருந்தையும் கொண்டுவந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். சுளுக்கு எடுக்கத் தெரிந்தவர், குழந்தைக்குத் தொக்கம் எடுப்பவர், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சி, அம்மை போட்டால் வேப்பிலையோடு வந்து உட்காரும் பெரியம்மா என எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்ற நம்பிக்கை இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படிப் பிறந்தவரைத் தேடிக் கூட்டிக்கொண்டு வந்த கதையைப் பாட்டிமாரிடம் கேட்கலாம்.

ஆனால் வந்து சேர்ந்த இடம் வேறு மண். சமவெளியில் வாசலுக்கு வாசல் நிற்கும் வேப்பமரம், நாலாயிரம் அடி உயரத்தில் இந்தக் குளிருக்கும் மழைக்கும் சரியாக வராது. காய்ந்த நிலத்தின் மூலிகையைத் தெரிந்து வைத்திருந்தவர், ஈரக் காட்டில் எதைப் பறிப்பது? கொஞ்சம் கொஞ்சமாக இங்கே கிடைப்பதை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார்கள். வல்லாரை கிடைத்தது. கொத்தமல்லியும் இஞ்சியும் கடையில் கிடைத்தன. அட்டை கடித்த இடத்துக்கு வெத்திலைச் சுண்ணாம்பு இருந்தது. மிச்சத்தை ஊரிலிருந்து வருகிறவர் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் டவுனில் நாட்டுமருந்து விற்கும் கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கேயே ஒரு விசயம் தொடங்கிவிடுகிறது. முற்றத்தில் சும்மா கிடைத்த மருந்து, தோட்டத்துக்கு வந்ததும் சம்பளத்தில் ஒரு பங்காகிவிட்டது.

லயத்து வைத்தியருக்குச் சம்பளம் கிடையாது. வெத்திலை பாக்கு, ஒரு கொத்து அரிசி, கலியாண வீட்டில் முதல் பந்தி, இப்படி ஏதாவது கிடைக்கும். ஹேர்ஸ்பேர்க் பட்டியலில் உள்ள சுகாதாரக் காரணி ஒன்றுகூட இல்லை. ஆனால் நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் வந்தார்கள். ஏன்? பதில் சொல்ல வேண்டிய ஆள் பக்கத்துக் காம்பராவில் இருந்ததால்தான். பிள்ளை பிழைத்ததா இல்லையா என்பது விடிந்தால் பீலிக்கரையில் தெரிந்துவிடும்.

இதைச் சொன்னதும் "அந்தக் காலத்துச் சேவை மனப்பான்மை" என்று உருகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தமிழ்ச் சமூகத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது சாதியால் விதிக்கப்பட்ட வேலையாக இருந்தது. சவரத் தொழில் செய்த குடும்பங்களின் பெண்கள்தான் பெரும்பாலும் மருத்துவச்சிகள். ஆண்கள் ரணவைத்தியமும் பார்த்தார்கள். அவர்களை மருத்துவர் என்று அழைத்த சமூகமே அவர்களைத் திண்ணைக்கு மேலே ஏற விடவில்லை. கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும் என்பதில் பாசமும் இருந்தது, கட்டாயமும் இருந்தது. சம்பளமில்லாத சேவையைப் புகழும்போது அந்தச் சேவையை யார் மறுக்க முடியாமல் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அதோடு, அந்த வைத்தியத்தால் காப்பாற்ற முடியாமல் போன தாய்மாரும் பிள்ளைகளும் ஏராளம். கசாயத்தால் கொலரா நிற்கவில்லை.

தொரையின் மருந்து

அரசாங்க மருந்து தோட்டத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். வடக்குப் பாதையில் கொலராவும் அம்மையும் ஆள்களைக் கொன்றன. கோப்பிக்கு ஆள் தேவை. செத்துப்போன ஆளால் காய் பறிக்க முடியாது. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் அமைப்பது, அதற்குத் தோட்டங்களிடமிருந்து பணம் எடுப்பது என்பதுதான் அதன் எலும்பு. 1880களின் தொடக்கத்தில் அது திருத்தப்பட்டது. லயங்களைத் துப்புரவாக வைத்திருப்பது, யாருக்கு நோய் என்று தெரிந்துவைத்திருப்பது, நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் தோட்டத் தொரையின் கடமையாக எழுதப்பட்டன. 1912இல் மருத்துவத் தேவைகளுக்கும் தொழிலாளர் நோய்களுக்குமாகச் சட்டங்கள் புதிதாக எழுதப்பட்டன.

டிக்கோயாவுக்கு இது முக்கியமான காலம். கோப்பியைத் தின்ற இலைநோய் 1869இல் தலைகாட்டியது. ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தது. இடையில் தொரைமார் தேயிலைக்கு மாறினார்கள், சிலர் சிங்கோனாவும் நட்டார்கள். சிங்கோனாவின் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொயினா. 1880களில் இலங்கை மலைகளிலிருந்து அந்தப் பட்டை கப்பல் கப்பலாகப் போனது. அளவுக்கு மிஞ்சி ஏற்றுமதியாகி விலை சரிந்ததும் மரத்தைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டார்கள். உலகத்துக்கே காய்ச்சல் மருந்து வளர்த்த மலைகளில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் அவர் தொரையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். யாரும் திட்டமிட்டுச் செய்த கொடுமை என்று இதைச் சொல்ல மாட்டோம். மருந்தும் தேயிலை மாதிரி ஒரு பயிராக, ஒரு செலவுக் கணக்காக இருந்ததன் விளைவு இது.

இந்த அமைப்புக்குள் வந்தவர்தான் டிஸ்பென்சர். பின்னாளில் தோட்ட வைத்திய உதவியாளர் என்று பெயர் மாறியது. லயத்தில் அவர் எப்போதும் "டொக்டர் ஐயா"தான். அவருடைய ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். ஒருவர் காய்ச்சல் என்கிறார். அவருக்கு உண்மையில் காய்ச்சலா, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாரா என்று சொல்ல வேண்டியவர் டொக்டர் ஐயா. அவர் கொடுக்கும் துண்டைப் பொறுத்துத்தான் அன்றைக்குப் பேரா, அரைப்பேரா, ஒன்றும் இல்லையா என்று செக்ரோலில் எழுதப்படும். அவருக்குச் சம்பளம் கொடுப்பதும் குவார்ட்டர்ஸ் கொடுப்பதும் தோட்டம். எத்தனை பேர் குணமானார்கள் என்று அவரிடம் யார் கேட்டார்கள்? இன்றைக்கு மலையில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று கேட்பதற்கு ஆள் இருந்தது.

ஆக, அவர் வைத்தியர் பாதி, கண்டாக்கு பாதி. நல்ல மனசுக்காரர் எத்தனையோ பேர் அந்த வேலையில் இருந்திருக்கிறார்கள். மழையில் இறங்கி லயத்துக்கு வந்து ஊசி போட்டவர்களைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் நல்ல மனசோடு இருந்தால் தொரையிடம் கெட்ட பெயர், கடுமையாக இருந்தால் லயத்தில் கெட்ட பெயர் என்ற நிலையில் ஒருவருடைய ஊக்கம் எத்தனை வருசம் தாங்கும்?

ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இதற்கு நல்ல உதாரணம். இலங்கையில் அது 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் தொடங்கியது. சோதிக்கப்பட்டவர்களில் 10இல் 9 பேருக்கு மேல் புழு இருந்தது. இரத்தத்தை உறிஞ்சும் புழு, சோகை, களைப்பு. தொழிலாளி சோம்பேறி என்று அதுவரைக்கும் சொல்லப்பட்டதில் பாதி இந்தப் புழுவின் வேலை. மருந்து கொடுத்தார்கள், பேதியானது, புழு விழுந்தது. பிறகு திரும்ப வந்தது. கக்கூஸ் இல்லாத லயத்தில், செருப்பில்லாத கால் அதே மண்ணில்தானே நடக்க வேண்டும்? கக்கூஸ் கட்டுவது செலவு, மருந்து கொடுப்பது சிக்கனம். தொழிலாளரும் அந்த மருந்துக்குப் பயந்தார்கள், ஒளிந்தார்கள். அதிகாரிகள் அதை அறியாமை என்றார்கள். எங்களுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. ஊரை விட்டுப் புறப்பட்டபோது தனிமைப்படுத்தல் முகாமில் நிறுத்தி வைத்ததும் அரசாங்க மருத்துவம்தான், வேலைக்கு லாயக்கா என்று பார்த்ததும் அதுதான். அப்படி அறிமுகமான மருந்தை ஒருவர் நம்பாமல் இருப்பதற்கு அறிவு போதும்.

மருத்துவச்சியின் கதையும் இதேபோல மாறியது. 1939இன் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைப்பேறு மெல்ல மெல்லத் தோட்டத்துப் பிரசவ அறைக்குப் போனது. இதனால் உயிர்கள் பிழைத்தன, அதில் சந்தேகமே இல்லை. லயத்து மருத்துவச்சிப் பாட்டியின் இடத்துக்கு மிட்வைஃப் அம்மா வந்தார். பாட்டிக்கு இருந்த அறிவில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பாட்டியைப் பயிற்றுவித்து உதவியாளாக்கும் எண்ணமும் வரவில்லை. அவருடைய வேலை ஒரே தலைமுறையில் "பழைய பழக்கம்" ஆகிவிட்டது.

சுதேச வைத்தியம் வந்த பாதை

இதே காலத்தில் நாட்டின் மற்றப் பக்கத்தில் வேறு ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் 1921இல் உஸ்மான் குழு அமைக்கப்பட்டு, இந்திய வைத்திய முறைகளை அரசு ஏற்க வேண்டும் என்ற வாதம் பலம் பெற்றிருந்தது. அந்த அலை இங்கேயும் அடித்தது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றுக்கும் அங்கே இடம் இருந்தது. அதே வருசம் கம்பஹாவில் விக்கிரமாராச்சி தன் வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்தது. திணைக்களம், வைத்திய சபை, பதிவு எல்லாம் உண்டாயின. மறுவருசம் நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம். 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம். பின்னர் திருகோணமலையிலும் அது கற்பிக்கப்பட்டது. பட்டம் பெற்ற சித்த வைத்தியர்களை உருவாக்கும் அந்தப் படிப்பு தொடங்கி இப்போது நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது.

கிராமத்து வெதமாத்தயாவுக்கு இந்தப் பதிவு ஒரு மரியாதை. பரம்பரை வைத்தியர் என்று அட்டை கிடைக்கலாம், மகனோ மகளோ கல்லூரியில் படித்து அரசாங்க வைத்தியராக ஊருக்கே திரும்பி வரலாம். ஹேர்ஸ்பேர்க் சொன்ன அங்கீகாரம் என்பது இதுதான்.

தோட்டத்தில் என்ன நடந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. ஆயுர்வேதச் சட்டம் வந்தபோதும் அவர்கள் நாடற்றவர்கள்தான். நாடற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. லயத்து வைத்தியரின் பிள்ளை அரச வைத்தியராகும் கதவு அங்கேயே சாத்தப்பட்டுவிட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேரை இங்கே ஏற்கவும் கணக்குப் போட்டது. மிச்சம் 1,50,000 பேரின் கணக்கு 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. கப்பலேறியவர்களில் சுளுக்கு எடுப்பவரும் மருத்துவச்சியும் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஒரு லயத்தின் மருந்து அறிவு ஒரு குடும்பத்தின் தலையில் இருந்தால், அந்தக் குடும்பம் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போன அன்றைக்கு அந்த லயத்தின் நூலகம் மூடப்பட்டது என்று அர்த்தம். குடியுரிமைப் பிரச்சினையை முழுதாக முடிக்க 2003 வரைக்கும் சட்டம் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு தடையும் இருந்தது. அது சின்னதாகத் தெரியும், ஆனால் எங்கள் கணக்கில் அதுதான் பெரிது. நாட்டுப்புறத்தில் சுதேச வைத்தியம் மக்களிடம் போகிற பாதைகளில் முக்கியமான ஒன்று உள்ளூராட்சி சபை. சபைகள் நடத்தும் இலவச ஆயுர்வேத மருந்தகங்கள் வழியாகத்தான் ஏழைக்குக் கசாயமும் எண்ணெயும் கிடைக்கும். தோட்டத்து மக்களோ அந்தச் சபைகளுக்கு வெளியே நின்றவர்கள். 1930களின் கடைசியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அதில் வாக்கு இல்லாமல் போனது. 1987இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவிடுவதற்குத் தடையாகவே இருந்தது. அதே வருசம் 13ஆவது திருத்தம் சுதேச வைத்தியத்தை மாகாண சபைகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு கையால் வைத்தியத்தை மக்கள் பக்கத்தில் கொண்டுவந்து, மறு கையால் தோட்டத்து வாசலில் கேட் போட்ட மாதிரி.

நாங்கள் ஓட்டுப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர், எங்கள் லயத்து ரோட்டுக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் முப்பது வருசம் இருந்தார். மருந்தகம் எங்கே வரப் போகிறது? 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே 2018இல்தான் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகள் கிடைத்தன.

ஆகவே ஒரு சுதேச வைத்திய உத்தியோகத்தர் தோட்டத்துப் பக்கம் ஆர்வம் காட்டவில்லை என்று குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும். அவருடைய வேலைப் பிரதேசத்தில் தோட்டம் எப்போது சேர்ந்தது? வராத நோயாளியை நினைத்து யாருக்கும் ஊக்கம் வராது. வரும் நோயாளியின் மொழி தெரியாவிட்டாலும் வராது. ஆங்கில மருத்துவத்தில் இரத்தச் சோதனையை வைத்தாவது கொஞ்சம் சமாளிக்கலாம். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் சாப்பாடு, தூக்கம், மலச்சிக்கல், மனக்கவலை என்று உட்கார்ந்து கேட்டால்தான் வைத்தியமே ஓடும். மொழிபெயர்க்க ஆள் தேடி ஒரு பெண் தன் மாதவிடாய்ப் பிரச்சினையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வைத்தியருக்கும் களைப்பு, நோயாளிக்கும் வெட்கம்.

வெளியே எப்படி நடக்கிறது

1978இல் அல்மா ஆட்டா பிரகடனம், ஆரம்பச் சுகாதாரப் பராமரிப்பில் தேவைக்கேற்பப் பாரம்பரிய வைத்தியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னது. தாய்லாந்து அதை ஓரளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 2002இல் அங்கே எல்லாருக்குமான சுகாதாரக் காப்புறுதித் திட்டம் வந்தது, அதே வருசம் பாரம்பரிய வைத்தியத்துக்கென ஒரு திணைக்களமும் அமைந்தது. 2013இல் அந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டம். அங்கே அரச வைத்தியசாலைக்குள்ளேயே தாய் மசாஜ், மூலிகை ஒத்தடம், மூலிகை மருந்து எல்லாம் கிடைக்கும். அதனால் அங்கே எல்லாரும் சந்தோசமாக வேலை செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆங்கில மருத்துவர் பக்கத்திலேயே இருக்கும்போது தன்னை இரண்டாம் தரமாக நடத்துகிறார்களோ என்ற கேள்வி எந்த நாட்டிலும் வரும். ஆனால் அந்த உத்தியோகத்தரின் ஊக்கத்தை அளக்க முடிவதற்கே ஒரு காரணம், அவர் நோயாளி வருகிற இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார் என்பது. இந்தியாவும் 2005க்குப் பிறகு கிராமியச் சுகாதாரத் திட்டத்தின் கீழ் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்குள் ஆயுஷ் வைத்தியர்களைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் சித்தப் பிரிவுக்குத் தனிச் சீட்டு எடுக்கலாம்.

இங்கே டிக்கோயாவில், இந்திய உதவியில் கட்டப்பட்ட 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நோர்வூட் மைதானம் நிறைந்த கூட்டத்தை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பெரிய கட்டடம், தேவையான கட்டடம். ஆனால் வேலை முடிந்து முதுகுவலியோடும் முழங்கால் வலியோடும் வருகிற கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு வேண்டியது எல்லா நேரத்திலும் கட்டில் இல்லை. தினமும் கூடை சுமந்த முதுகு, மேட்டில் ஏறி இறங்கிய முழங்கால், பனியில் விறைத்த விரல் ஆகியவைதான் அவருடைய நோய். எண்ணெய், ஒத்தடம், பிடித்துவிடுதல் என்று பாரம்பரிய வைத்தியத்துக்குக் கைவந்த இடமும் இதுதான். அந்த வலிக்கு இன்று கடையில் வாங்கும் வலிமாத்திரைதான் வைத்தியம். வருசக்கணக்காக அதை விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் என்ன ஆகும் என்று தெரிந்தும் விழுங்குகிறார்கள்.

ஊக்கத்தை எங்கே தேடுவது

பாரம்பரிய வைத்தியம் என்றதும் உணர்ச்சிவசப்படுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொடுத்த கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். அதிகாரம் சேர்ந்துகொண்டால் நாட்டு மருந்தும் ஏமாற்றாகும். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது "நம்ம கைமருந்து இருக்கே" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்சுலின் வேண்டியவருக்குக் கொத்தமல்லியைக் காட்டுவது வைத்தியம் ஆகாது. இந்த எல்லையைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் படித்த, பதிவுபெற்ற சுதேச வைத்தியர்தான். அவர் இல்லாத இடத்தைத்தான் பாணிக்காரர்கள் பிடிக்கிறார்கள்.

லயத்தில் மிச்சமிருக்கும் அறிவும் கரைந்துகொண்டிருக்கிறது. இப்போது தோட்டத்தில் "மருந்தடிக்கிறாங்க" என்றால் புல்லுக்கு அடிக்கிறார்கள் என்று அர்த்தம். கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்பவும் அனுமதித்தார்கள். அந்த மருந்து விழுந்த இடத்தில் வல்லாரை பறித்துச் சம்பல் போட யாருக்குத் துணிச்சல் வரும்? தோட்டங்கள் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு தோட்டத்து டிஸ்பென்சரிகளும் தேய்ந்துவிட்டன. சில ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்தது, சில பூட்டிக் கிடக்கின்றன, ஓய்வுபெற்ற டொக்டர் ஐயாவின் கதிரையில் பல இடங்களில் யாரும் வந்து உட்காரவில்லை. தோட்டச் சுகாதாரத்தை முழுதாக அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்து நடக்கிறது.

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். மருந்து கொடுப்பவரின் ஊக்கம், அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. லயத்து மருத்துவச்சி பக்கத்து வீட்டுக்குப் பதில் சொன்னார், ஆனால் அவருக்கு உரிமையும் கூலியும் இல்லை. டொக்டர் ஐயாவுக்குக் கூலி இருந்தது, ஆனால் அவர் செக்ரோலுக்குப் பதில் சொன்னார். சுதேச வைத்திய உத்தியோகத்தருக்குப் பட்டமும் பதிவும் சம்பளமும் உண்டு, ஆனால் தோட்டம் அவருடைய வரைபடத்திலேயே நீண்ட காலம் இல்லை. கூலியும் மரியாதையும் நோயாளிக்குப் பதில் சொல்லும் கடமையும் ஒரே ஆளிடம் சேர்ந்த நாள் தோட்டத்தில் இன்னும் வரவில்லை. அது வராமல் "மனசு வச்சு வேலை செய்" என்று புத்திமதி சொல்வதில் அர்த்தமில்லை.

செய்யக்கூடியவை பெரிய விசயங்கள் கிடையாது. சட்டத் தடை 2018இல் நீங்கிவிட்டது. தோட்டத்துக்குள் ஒரு மருந்தகம் நடத்தப் பிரதேச சபைக்கு இப்போது வழி இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் டிஸ்பென்சரியில் ஒரு அறை போதும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்தம் படித்து வெளியே வருகிறவர்களுக்கு மலையகத்தில் நியமனம் கிடைத்தால், நோயாளியோடு தமிழில் பேசும் வைத்தியர் கிடைப்பார். மலையகப் பிள்ளைகளும் உயர்தரத்தில் உயிரியல் படித்து அந்தப் பீடங்களுக்குப் போகலாம் என்று பாடசாலையில் யாராவது சொல்ல வேண்டும். மருந்தகத்துக்கு ஒரு நோயாளர் குழு வேண்டும், அதில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். வைத்தியர் மாதம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கள் பங்குக்கு, லயங்களில் இன்னும் இருக்கும் மருத்துவச்சிப் பாட்டிமாரிடமும் சுளுக்கு எடுப்பவர்களிடமும் ஓய்வுபெற்ற டொக்டர் ஐயாக்களிடமும் போய் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யத் தொடங்குகிறோம். மருந்தின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வரும் எண்ணம் இல்லை. யார் கூப்பிட்டார்கள், போனதற்கு என்ன கிடைத்தது, போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் கேட்போம். உங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் சொல்லுங்கள், வருகிறோம். அதோடு, அடுத்த முறை பிரதேச சபை உறுப்பினர் உங்கள் லயத்துப் பக்கம் வந்தால் அவரிடம் ஒரு கணக்குக் கேளுங்கள்: வாரத்துக்கு ஒரு நாள் தோட்டத்துக்கு வந்து போகும் தமிழ் தெரிந்த சுதேச வைத்தியர் ஒருவருக்குச் சபைக்கு என்ன செலவாகும், அந்தச் செலவு இந்த வருசப் பாதீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது?